உறுதி என்று சொன்னதெல்லாம் உறுதியா?

மழை விட்டிருந்த ஒரு மாலை வேளை. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் சில குடும்பத்தார் எம்முடன் கூடியிருந்தனர். அவர்களுட் சிலர் மண்சரிவினால் லயத்தை விட்டு வெளியேறியவர்கள். வேறு சிலர், 1977 கலவரத்தின் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் கமம் செய்து, போர் விரட்ட மீண்டும் மலைக்கே திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள். இன்று லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு என்று கிடைத்த துண்டு நிலத்தில் மரக்கறி செய்து பிழைக்கிறார்கள். “உங்களிடமுள்ள காணிக் காகிதங்களை எல்லாம் எடுத்து வாருங்கள், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்” என்று முதல் வாரமே சொல்லியிருந்தோம். பிஸ்கட் டின்னிலும், பழைய சேலைத் துணியிலும், மழைக்குப் பயந்து சுற்றிய பொலித்தீன் பைகளிலும் அவை வந்து சேர்ந்தன.

ஒரு வயதான தாயார் தமது காகிதத்தை விரித்து வைத்தார். “சாமி, பத்து வருசமா பொட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கேன். இது ஒறுதி தானுங்களே?”

நாம் வாசித்தோம். அவரது குடும்பம் ஒரு வீட்டுத் திட்டத்திற்குத் தெரிவு செய்யப்பட்டுள்ளதாக அதில் இருந்தது. எல்லை இல்லை, நில அளவைப் பட இலக்கம் இல்லை, நொத்தாரிசின் கையொப்பம் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை.

“அம்மா, இது ஒரு கடிதம். உறுதி அல்ல” என்றோம்.

“சீல் அடிச்சிருக்கே, சாமி?”

அந்தக் கேள்விக்கு அன்று எம்மால் உடனே விடை சொல்ல முடியவில்லை. சீல் அடித்ததெல்லாம் உறுதி என்று ஒரு சமூகம் நம்புமானால், அது அந்தத் தாயாரின் அறியாமை அல்ல. சொற்களை அவருக்கு எவரும் விளக்கவில்லை என்பதே அதன் பொருள். காணியைப் பற்றிய சொற்களை அறியாதவன் காணியைப் பெற்றும் இழப்பான் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

ஏன் எமக்கு இச்சொற்கள் தெரியாமற் போயின?

கிராமத்து விவசாயியின் வீட்டில் காணிப் பேச்சு சோற்றோடு கலந்த பேச்சு. பாட்டன் உறுதி, தகப்பன் பங்கு, சகோதரியின் சீதனம் என்று பிள்ளைகள் கேட்டே வளர்கின்றனர். தோட்டத்து லயத்தில் அந்தப் பேச்சுக்கு இடமே இருக்கவில்லை. அங்கே ‘காம்பரா’ உண்டு, ‘பேர் போடுதல்’ உண்டு, ‘செக்ரோல்’ உண்டு. வேலை உள்ளவரை காம்பரா, வேலை போனால் காம்பராவும் கேள்விக்குறி.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. பிரசை அல்லாதவருக்கு அரச காணி இல்லை. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றிற் பல ஏக்கர்கள் பங்கிடப்பட்டபோதும் அவற்றில் உழைத்தவர்கள் பெரும்பாலும் வரிசையில் நிறுத்தப்படவில்லை. மாறாகப் பல தோட்டங்களிலிருந்து அவர்கள் துரத்தப்பட்டனர். தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் எழுந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்ததை மலையகம் மறக்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் தான் வந்தது. வாக்குரிமை வந்தது, அடையாள அட்டை வந்தது. ஆனால் காணியின் மொழி இன்னும் முழுமையாக எம்மிடம் வந்து சேரவில்லை.

காணி யாருடையது?

முதலாவதாக அறிய வேண்டியது இதுதான். தோட்டக் காணி துரையினுடையதன்று, கம்பனியினுடையதும் அன்று. 1992 இல் அரசு தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. பின்னர் அது 53 ஆண்டுக் குத்தகையாக உறுதி செய்யப்பட்டது. 1992 இலிருந்து எண்ணினால் அக்குத்தகை 2045 இல் முடிவடையும். ஆகவே கம்பனி ஒரு குத்தகைக்காரர், உரிமையாளர் அரசு.

இதை அறிந்தால் பல விடயங்கள் தெளிவாகும். குத்தகைக்காரர் தமக்கில்லாத உரிமையைப் பிறருக்கு எழுதிக் கொடுக்க இயலாது. தோட்ட அலுவலகத்தில் தந்த துண்டுக் காகிதம், “இந்த இடத்தில் குடியிருக்கலாம், இந்த வங்கியில் மரக்கறி போடலாம்” என்ற அனுமதியே. அந்தக் காணியை அரசு குத்தகையிலிருந்து விடுவித்து, அளந்து, உரிய முறையில் உங்கள் பெயருக்கு எழுதும்போதுதான் உரித்துப் பிறக்கும். ‘விடுவித்தல்’ என்ற சொல்லை மனதிற் கொள்ளுங்கள். எந்த வீட்டுத் திட்டத்திலும் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, “காணி விடுவிக்கப்பட்டுவிட்டதா?” என்பதே.

“நாங்கள் நான்கு தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம், பத்து வருடம் இருந்தாலே சொந்தமாகிவிடுமாமே?” என்று சிலர் கேட்கின்றனர். பத்தாண்டு ஆட்சியால் உரிமை பெறும் சட்டம் 1871 முதல் எமது நாட்டில் உள்ளது உண்மைதான். ஆனால் அது தனியார் காணிக்கே பொருந்தும், அரச காணிக்கு எதிராக அதைச் சொல்ல முடியாது. நூற்றைம்பது ஆண்டு லயத்தில் வாழ்ந்தாலும் அச்சட்டத்தின்படி ஓர் அடி நிலமும் எமதாகாது. இது நியாயமா என்பது வேறு கேள்வி. நியாயமன்று என்பதே எமது கருத்து. ஆயினும் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்து கொண்டுதான் அதை மாற்றக் குரல் எழுப்ப வேண்டும்.

நான்கு காகிதங்கள், நான்கு பலன்கள்

எமது வீடுகளில் இருக்கும் காகிதங்களைப் பெரும்பாலும் நான்காகப் பிரிக்கலாம்.

ஒன்று, கடிதம். தெரிவுக் கடிதம், சிபாரிசுக் கடிதம், தோட்ட அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் எல்லாம் இதில் அடங்கும். இவை வீசி எறிய வேண்டியவை அல்ல. “இக்குடும்பம் இத்தனையாம் ஆண்டு இங்கே இருந்தது” என்பதற்குச் சாட்சியாக உதவும். ஆனால் இவற்றால் உரித்து வராது. வங்கியில் இவற்றை வைத்துக் கடன் பெறவும் முடியாது.

இரண்டு, அனுமதிப்பத்திரம். மக்கள் இதைப் ‘பெர்மிட்’ என்பர். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலாளர் ஊடாக இது வழங்கப்படுகிறது. குடியிருக்க வேண்டும், பயிரிட வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. நிபந்தனைகளை மீறினால் இரத்துச் செய்யப்படலாம்.

மூன்று, அளிப்புப் பத்திரம். அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு அடுத்த படியாக இது கிடைக்கும். ‘ஸ்வர்ணபூமி’, ‘ஜயபூமி’ என்ற பெயர்களில் நீங்கள் கேள்விப்பட்டவை இவ்வகையின. இது அனுமதிப்பத்திரத்தை விட வலிமையானது. எனினும் பிரதேச செயலாளரின் முன் அனுமதியின்றி இக்காணியை விற்கவோ கைமாற்றவோ இயலாது. அனுமதியின்றி எழுதிய எழுத்துச் சட்டத்தின் முன் செல்லாது.

நான்கு, உறுதி. தனியார் காணியாயின், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்பனையோ நன்கொடையோ ஈடோ எதுவாயினும் எழுத்தில் இருக்க வேண்டும். பிரசித்த நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒரே வேளையில் முன்னிருக்க, அவர்கள் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். விலை கொடுத்து வாங்கினால் விற்பனை உறுதி, பெற்றோர் அன்பினால் எழுதினால் நன்கொடை உறுதி. “நாங்கள் இருக்கும் வரை நாங்களே அனுபவிப்போம்” என்று பெற்றோர் தமக்கென வைத்துக் கொள்வது ஆயுட்கால உரித்து. ஆயுட்கால உரித்து எழுதப்பட்ட வீட்டிலிருந்து பிள்ளைகள் பெற்றோரை வெளியேற்ற முடியாது. முதியோர் இதை மறவாதிருத்தல் நல்லது.

தமிழ்நாட்டில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போய்க் குடியேறிய எமது உறவினர் ‘பட்டா’ என்று எழுதுவார்கள். அது இந்திய வருவாய்த் துறைப் பதிவிலுள்ள பெயர், இங்குள்ள உறுதியுடன் அதைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. அங்கும் வாங்கிய பத்திரம் வேறு, பட்டா வேறு. நாட்டுக்கு நாடு சொல் மாறும். ஆனால் எந்த நாட்டிலும் காகிதத்தின் பெயரை அல்ல, அது தரும் உரிமையையே பார்க்க வேண்டும்.

ஏழு பேர்ச் எவ்வளவு?

2015 முதல் மலைநாட்டிற் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியுடனும் வீடுகள் எழுந்தன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் தருவதாக இந்தியப் பிரதமர் அறிவித்தார். லயத்திலிருந்து தனி வீட்டிற்கு வந்த குடும்பங்களின் மகிழ்ச்சியை நாம் நேரிற் கண்டிருக்கிறோம். அதைக் குறைத்துச் சொல்வது எமது நோக்கமன்று.

ஆனால் கணக்கை அறிவோம். ஓர் ஏக்கருக்கு 4 றூட், அதாவது 160 பேர்ச். ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. ஆகவே 7 பேர்ச் ஏறத்தாழ 1,906 சதுர அடி. ஓர் ஏக்கரை இருபத்து மூன்றாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதில் 550 சதுர அடி வீடு போக, மலசலகூடம், பாதை, தண்ணீர் வடியும் கான், மண் அணைக்கும் சுவர் எல்லாம் போக, மிஞ்சுவது நான்கு பாத்தி. அது குடியிருப்புக் காணி. விவசாயக் குடும்பத்தின் பயிர்க் காணி வேறு. வீடு கிடைத்ததும் “காணிப் பிரச்சினை தீர்ந்தது” என்று எவரும் சொன்னால், இந்தக் கணக்கை அவரிடம் அமைதியாக எடுத்துக் காட்டுங்கள்.

எல்லை பற்றியும் ஒரு சொல். “மேற்கே பலாமரம், கிழக்கே ஓடை” என்ற எல்லை, மரம் விழுந்தால் போய்விடும். ஓடையோ மண்சரிவில் திசை மாறும். தகுதி பெற்ற நில அளவையாளர் வரைந்த படம், அதன் இலக்கம், துண்டு இலக்கம், திகதி ஆகியவை காகிதத்தில் இருக்க வேண்டும். அளக்கும் நாளில் வீட்டிலுள்ளோர் அனைவரும் கூட நின்று, எல்லைக் கல் நடப்படும் இடங்களைப் பிள்ளைகளுக்கும் காட்டி வைப்பது நன்று.

வாங்குமுன் அறிய வேண்டியவை

தோட்டத்திற்கு வெளியே சிறு காணி வாங்கும் குடும்பங்கள் இன்று பெருகி வருகின்றன. கொழும்பில் வேலை செய்யும் மகனின் பணம், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்த மகளின் பணம், சீட்டுப் பணம் என்று சேர்த்து வாங்குகின்றனர். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வன்னியிலிருந்து திரும்பி வந்து, இப்படிச் சேர்த்த பணத்தில் பத்துப் பேர்ச் வாங்கியது. வெற்றுத் தாளில் எழுதி, ஊரிற் பெரியவர் மூவர் சாட்சிக் கையொப்பமிட்டனர். விற்றவர் நல்லவர். அவர் இறந்த பின் அவரது மகன் வந்து, “இது பெர்மிட் காணி, அப்பாவுக்கு விற்க உரிமையே இல்லை” என்றான். அவன் சொன்னது உண்மை. மகள் மூன்று ஆண்டுகள் அயல் வீட்டில் சமைத்துச் சேர்த்த பணம் போயிற்று. தாயார் அந்த வெற்றுத் தாளை இன்னும் வைத்திருக்கிறார்.

இத்தகைய இழப்பைத் தவிர்க்க நான்கு காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது, விற்பவரின் காகிதம் எவ்வகையானது என்று பார்ப்பது. அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ ஆயின், முன்பணம் கொடுக்குமுன் பிரதேச செயலகத்திற்குப் போய் விசாரியுங்கள்.

இரண்டாவது, காணிப் பதிவகத்தில் தேடிப் பார்ப்பது. அக்காணிக்கு உரிய பதிவேட்டில் இதுவரை யார் யாருக்கு எழுதப்பட்டது, ஈடு உண்டா, வழக்கு உண்டா என்பது தெரியவரும். பணம் கொடுக்குமுன் தேட வேண்டும், பணம் கொடுத்த பின் தேடுவது அழுவதற்கே உதவும்.

மூன்றாவது, உறுதியை நொத்தாரிசு முன் முடிப்பது. வாசிக்கத் தெரியாதவருக்கு அதை வாசித்து விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் சட்டக் கடமை. “சேர் அவசரத்தில் இருக்கிறார்” என்று தயங்க வேண்டாம். விளங்கும் வரை கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதப்பட்டிருந்தால் தமிழில் விளக்கம் பெறாமற் பேனையைத் தொடாதீர்கள்.

நான்காவது, பதிவு. எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்திற் பதிவு செய்யாது பெட்டியில் வைத்தால் ஆபத்து உண்டு. அதே காணியை விற்றவர் பின்னர் வேறொருவருக்கு எழுதி, ஏமாற்று ஏதும் அறியாது விலை கொடுத்த அவர் முதலிற் பதிவு செய்துவிட்டால், முந்திய உறுதி பிந்தியதாகிவிடும். உறுதி முடிந்தது என்ற மகிழ்ச்சியில் பதிவை மறந்தவர்கள் உண்டு.

உறுதி, தேடுதல், பதிவு என்ற இந்தச் சுமையைக் குறைக்கவே வேறொரு முறையும் உலகில் உண்டு. 1858 இல் தென் அவுஸ்திரேலியாவில் றொபேர்ட் டொறன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், அரசின் பதிவேட்டிலுள்ள பெயரே உரித்து, பழைய உறுதிகளைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. எமது நாட்டில் 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் அவ்வழியைச் சார்ந்தது. ‘பிம் சவிய’ என்ற பெயரில் நீங்கள் கேட்டது இதைத்தான். உங்கள் பகுதியில் அந்த அளவை நடைபெறுமாயின் அறிவித்தலைக் கவனித்து, உரிய காலத்தில் உங்கள் உரிமையைத் தெரிவிக்க வேண்டும். அன்று மௌனமாக இருந்தவர் பின்னர் பேசுவது கடினம்.

கடன் வாங்கும்போது

கையொப்பமிடும் முன் இரு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஈட்டுறுதி என்பது காணியை ஈடாக வைத்துக் கடன் பெறுவது. காணி உங்களுடையதாகவே இருக்கும். கடன் தவறினால் கடன் கொடுத்தவர் சட்டத்தின் வழியே சென்றுதான் அதை விற்பிக்க வேண்டும். நிபந்தனைக் கைமாற்ற உறுதி என்பதோ வேறு. அதில் நீங்கள் காணியை விற்றுவிட்டதாகவே எழுதப்படும். “இத்தனையாம் திகதிக்குள் பணத்தையும் வட்டியையும் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்” என்பது ஒரு நிபந்தனை மட்டுமே. திகதி தவறினால் காணி போனதுதான். பிள்ளையின் வைத்தியச் செலவுக்கு என்று அவசரமாகக் கையொப்பமிடும்போது இரண்டும் ஒரே கடதாசி போலத் தோன்றும்.

அற்றோணித் தத்துவமும் அப்படியே. “நீங்கள் அலைய வேண்டாம், நான் எல்லாம் பார்த்துக் கொள்கிறேன்” என்று ஒருவர் நீட்டும் அக்காகிதத்தில், உங்கள் பெயரில் விற்கும் அதிகாரமும் சேர்த்து எழுதப்பட்டிருக்கலாம். சத்தியக் கடதாசி என்பதோ ஒருவர் உண்மையெனச் சத்தியம் செய்து சொல்லும் கூற்று மாத்திரமே, அதனாற் காணி கைமாறாது.

யாருடைய பெயரில்?

கொழுந்து கிள்ளும் பெண்ணின் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் காகிதத்தில் வரும் பெயர் பெரும்பாலும் கணவனுடையது, அல்லது மூத்த மகனுடையது. அரச காணியில் உரிமையாளர் பின்னுரித்தாளரை நியமிக்காது இறந்தால் யாருக்குப் போகும் என்ற பட்டியல், நீண்ட காலம் ஆண்பிள்ளைகளையே முன் வைத்திருந்தது. 2022 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, வழக்கம் மாற வேண்டும்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுமாறு கேளுங்கள். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஓர் இடம் மட்டும் இருந்தால், இரண்டாவது பெயருக்கும் இடம் கேளுங்கள். அனுமதிப்பத்திரமோ அளிப்போ உள்ளவர்கள் பின்னுரித்தாளர் நியமனத்தை உயிரோடிருக்கும்போதே செய்து பதிவு செய்யுங்கள். குடித்துவிட்டு வீட்டை அடகு வைத்த தகப்பனை எதிர்த்துப் பேச எந்தக் காகிதமும் இல்லாத தாய்மாரை நாம் பலமுறை சந்தித்திருக்கிறோம்.

மண் சரியும்போது

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை இருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று வெளியிலிருந்து கேட்டனர். போவதற்கு வேறு காணி இருந்தாலன்றோ போவது? 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மழை மலையகத்தைத் தாக்கியபோதும் அதே கேள்வி எழுந்தது. காணி இல்லாதவனுக்கு எச்சரிக்கை ஒரு செய்தி மட்டுமே.

புதிய இடம் காட்டப்படும்போது இரு விடயங்களைக் கேட்க வேண்டும். அவ்விடம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை உண்டா? கட்டுவதற்குப் பிரதேச சபையின் அனுமதி உண்டா? ஓர் அபாயத்திலிருந்து இன்னோர் அபாயத்திற்குக் குடியேறுவதற்கு எவரும் சம்மதிக்கக் கூடாது. பழைய இடத்தின் காகிதங்களையும் எறிந்துவிட வேண்டாம். எதை இழந்தோம் என்று காட்ட அவை வேண்டும். எல்லாக் காகிதங்களையும் பிரதி எடுத்து, ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

எமது கருத்து

“முதலில் வீடு கிடைக்கட்டும், காகிதத்தைப் பின்னர் பார்ப்போம்” என்று சொல்வோர் உண்டு. எம்மைப் போன்ற தொண்டர் அமைப்புகளும் அவ்வாறே நடந்தோம் என்பதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். அடிக்கல் நாட்டினோம், திறப்பு விழா வைத்தோம், படம் எடுத்தோம். அந்த வீடு நிற்கும் நிலம் யாருடைய பெயரில் என்று பல இடங்களில் நாம் கேட்கவில்லை. ‘பின்னர்’ என்று சொன்ன அந்த நாள் பல குடும்பங்களுக்கு இன்னும் வரவில்லை. கடன் கட்டி முடித்தும் காகிதம் வராதவர்கள் உண்டு. வீடும் காகிதமும் ஒரே நாளில் கையளிக்கப்பட வேண்டும் என்பதே இன்று எமது நிலைப்பாடு.

“உறுதி கொடுத்தால் விற்றுக் குடித்துவிடுவார்கள், வெளியார் வந்து வாங்கிவிடுவார்கள்” என்று இன்னொரு வாதம் உண்டு. இதில் ஒரு பாதி அவமதிப்பு, மறு பாதி உண்மையான அச்சம். கிராமத்தானிடம் எவரும் இதைச் சொல்வதில்லை, தோட்டத்தானிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்? அச்சம் உண்மையாயின், குறித்த ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை எழுதலாம். அதை வெளிப்படையாக, தமிழில், எல்லோருக்கும் வாசித்துக் காட்டி எழுத வேண்டும். மக்களுக்கு விளங்காத சொற்களில் எழுதி அவர்களைக் காப்பதாகச் சொல்வதை நாம் ஏற்கவில்லை.

1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே தமிழில் விளக்கம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் காணி விடுவிக்கப்பட்டதா, அளக்கப்பட்டதா, எந்த அலுவலகத்தில் தடைப்பட்டுள்ளது என்று எழுத்தில் கேட்கலாம். தனியே கேட்டால் அலைச்சல். சங்கமாகச் சேர்ந்து, இருபது குடும்பம் ஒரே நாளில் கேட்டால் விடை விரைவில் வரும்.

எந்தக் காகிதம் உங்கள் கைக்கு வந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். யாருடைய பெயர்? எந்த நிலம், எந்த அளவைப் பட இலக்கம்? என்ன உரிமை தருகிறது, என்ன தடை விதிக்கிறது? எனக்குப் பின் யாருக்குப் போகும்? எங்கே பதிவாகியுள்ளது? பள்ளிக்கூடம் போகும் மகள் இந்த ஐந்தையும் ஒரு கொப்பியில் எழுதி, வீட்டுக் காகிதத்தைப் பார்த்து விடை நிரப்பட்டும். விடை இல்லாத இடம் எதுவோ, அடுத்த முறை பிரதேச செயலகத்திற்குப் போகும்போது கேட்க வேண்டியது அதுவே.

2023 இல், மலையக மக்கள் இந்நாட்டிற்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். எமது முன்னோர் நடந்து வந்த அதே பாதை. அவர்கள் நடந்து வந்து மண்ணைப் பண்படுத்தினர். ஆனால் அந்த மண்ணின் எந்த ஏட்டிலும் அவர்களது பெயர் எழுதப்படவில்லை.

அந்த வயதான தாயாரின் கடிதத்தை நாம் அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். அதன் பிரதியை வைத்து, அவரது மகளும் அயலிலுள்ள குடும்பங்களும் சேர்ந்து பிரதேச செயலகத்திற்கு ஒரு கடிதம் எழுதினர். பதில் வந்ததா என்று அவரைக் காணும்போதெல்லாம் கேட்கிறோம். “இன்னும் இல்ல சாமி. ஆனா இப்ப எனக்குத் தெரியும், இது ஒறுதி இல்லன்னு” என்கிறார். உரிமையைத் தேடும் பயணத்தில் அதுவே முதலாவது அடி. அந்த அடியை இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் எடுத்து வைக்கட்டும். பெட்டியைத் திறந்து காகிதத்தை வெளியே எடுங்கள். சேர்ந்து வாசிப்போம், சேர்ந்து கேட்போம்.